சித்திரைத் தாளில் வேப்பம்பூ

முதல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முதலாளி ராஜபாண்டியன் அண்ணாச்சி, "பூவ எங்கன காணோம்?" என்றார்.

அந்த அச்சகத்தின் டிசைன் பிரிவில் நான் சேர்ந்து ஏழு மாதம். அடுத்த ஆண்டுக் காலண்டரின் ஏப்ரல் தாளுக்கு 'வசந்தம்' என்று தலைப்பு. எல்லா ஆண்டும் ஏதோ பனிநாட்டு இளஞ்சிவப்பு மரம்தான் அதில் வரும். நம் பக்கம் வசந்தம் என்றால் வேம்பு பூப்பதுதானே என்று வரைந்து காட்டினேன். அவரும் அரைமனதாகச் சரி என்றார். அச்சுக்குப் போகும் என் முதல் படம். இப்போது தாளில் இலை மட்டுமே இருந்தது.

"வெறும் இலையக் குடுத்தா காலண்டர் வாங்குற பார்ட்டி மூஞ்சியில விட்டெறிவான். பழைய படத்தையே ஏத்துங்க."

மெஷின் ஓட்டும் முனியராஜ் அண்ணன் என்னை முறைத்தார். "பாண்டிச்செல்வி, எம் மெஷினு மேல பழியப் போட்டுராத தாயி."

மெஷினில் நிறங்கள் விலகிவிட்டன என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். நிறம் விலகினால் காட்டிக்கொடுக்கும், மூலையிலிருந்த கூட்டல் குறிகளை லென்சில் பார்த்தேன். நான்கு நிறமும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக உட்கார்ந்திருந்தன. நம்பாமல் மற்ற மூன்று மூலைகளையும் பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். மாலை ஓவிய வகுப்புக்காக எழுதும் நாட்குறிப்பில், 'சித்திரை ஒன்பது, காலை பத்தேகால், வானம் வெள்ளை' என்று குறித்திருந்தேன். அப்படியே வரைந்தேன். வெள்ளை வானத்தில் வெள்ளைப் பூ. கணினித் திரையில் தெரிந்த மெல்லிய மஞ்சள், அச்சில் வெற்றுத்தாளாகிவிட்டது.

"தப்பு எம் மேலதான் அண்ணாச்சி. பூவுக்குப் பின்னால இலைய வரைஞ்சா தெரியும். ஒரு மணி நேரம் குடுங்க."

"வானத்த நீலமாக்கேன். அஞ்சு நிமிசம்."

"சித்திரையில நம்ம ஊரு வானம் நீலமாவா இருக்கு?"

சொன்ன பிறகுதான் முதலாளியையே எதிர்த்துப் பேசிவிட்டது உறைத்தது. முனியராஜ் அண்ணன் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார்.

"ஒரு மணி நேரம். ஒரு நிமிசம் கூடுனாலும் பழைய படம் ஏறிரும். பெறகு நீ படமே வரைய வேண்டாம், தேதி மட்டும் கோத்தாப் போதும்."

ஒவ்வொரு கொத்துக்குப் பின்னாலும் கரும்பச்சை வைத்தேன். வெளியே கார்த்திகை மழை. ஒப்பிட்டுப் பார்க்க எந்த மரத்திலும் பூ இல்லை. புது அச்சுப் பிளேட்டு மெஷினில் ஏறியபோது ஐம்பத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

அண்ணாச்சி ஈரத் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பிறகு, இலைமேல் நிஜம்போல உதிர்ந்து கிடந்த பூ ஒன்றைச் சுண்டுவிரல் நகத்தால் தட்டிவிடப் பார்த்தார். அது போகவில்லை. மை இழுபட்டு நகத்தில் பச்சை ஒட்டியது. அந்த நகத்தையே அவர் பார்த்துக்கொண்டு நின்றார். மெஷின் பொத்தான்மேல் விரலை வைத்தபடி, ஓட்டச் சொல்வாரா என்று முனியராஜ் அண்ணன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.