புதுநன்மைப் படத்துக்கு இடம்

கிரேஸிக்கு அந்தப் போனைத் தூக்கிக் கிணற்றில் போட்டுவிடலாம் போல வந்தது. தச்சநல்லூர் வாடகை வீட்டில் கிணறு ஏது, அதனால் போன் பிழைத்துக் கிடந்தது. மீன் கழுவிக்கொண்டிருந்தால் டிங் என்னும். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்ப் பார்த்தால், ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.’ கோயிலில் முழங்காலில் நிற்கும்போதும் அதே பாட்டு. மகள் பெனிஷாவின் பள்ளிக்கூடத்திலிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று திறந்தால், அதற்கு முன்னால் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்கும். தள்ளிவிட்டால் போகும், போன காலோடு திரும்பி வரும். வீட்டுத் தரகன்கூட இப்படி வாசலைத் தேய்க்கமாட்டான்.

இடமெல்லாம் எங்கே போனது என்றால், அவள் புருஷன் ஜோன்ஸ் செய்து வைத்த ஏற்பாடு அப்படி. வளைகுடாப் பக்கம் ஒரு சின்னச் சரக்குக் கப்பலில் அவனுக்கு எஞ்சின் வேலை. போன லீவில் வந்திருந்தபோது இரண்டு பேர் போனுக்கும் ஒரே கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். "நீ அங்கன எடுத்தா எனக்கு இங்கன தெரியும்ளா. அனுப்பவே வேண்டாம்" என்றான். புருஷன் கடலில், பெண்டாட்டி கரையில், படம் மட்டும் ஒரே பெட்டியில். பெனிஷாவுக்கு முன்பல் விழுந்ததை அவன் கடலில் இருந்தபடியே பார்த்துச் சிரித்தான். நல்ல ஏற்பாடுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் ஒரு பெட்டியில் இரண்டு பேர் அள்ளிப் போட்டால் அது எத்தனை நாளைக்குத் தாங்கும்? பணம் கட்டி இடம் வாங்கிக்கொள் என்று போன் யோசனை சொன்னது. கட்டப் போனால், கணக்கு ஜோன்ஸ் வளைகுடாவில் வைத்துத் திறந்தது, அந்த நாட்டு கார்டுதான் வேண்டும் என்று கையை விரித்துவிட்டது. ஜோன்ஸிடம் சொன்னால் "பாக்கலாம்" என்பான், அத்தோடு சரி.

ஞாயிற்றுக்கிழமை பெனிஷாவுக்குப் புதுநன்மை, கோயிலில் பிள்ளை முதல் நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுதிரி. கிரேஸியின் தம்பி அவள் போனிலேயே பூசை முழுவதையும் எடுத்தான். பிள்ளை முதல்முதலாக நன்மை வாங்கியபோது கிரேஸிக்கு அழுகை வந்துவிட்டது. அப்பன் பக்கத்தில் இல்லையே என்கிற அழுகைதான். சாயங்காலம் அவன் கூப்பிட்டான். கொஞ்ச காலமாகவே முகம் காட்டிப் பேசுவதில்லை. நெட் சரியில்லை என்று குரல் மட்டும்தான்.

"படம் ஒண்ணும் வரலியேளா."

"இடமில்லைங்கு. நான் என்ன செய்ய?"

"சரி, பைய வரட்டும். பிள்ளை அழகா இருந்தாளா?"

"இருந்தா. நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு, மீன்கொழம்பு" என்றான். அதற்குள் லைன் போய்விட்டது.

மறுநாள் பெனிஷாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, இன்றைக்கு ஒரு வழி பண்ணிவிடுகிறேன் என்று கிரேஸி போனோடு உட்கார்ந்தாள். பெட்டிக்குள் பார்த்தால் வரிசை வரிசையாக ஜோன்ஸ் எடுத்த வீடியோ. ஒவ்வொன்றும் மலைப்பாம்பு நீளம். முதலில் துருப்பிடித்த சுவர், அப்புறம் ஒரு தொட்டி, குழாய். இன்னொன்றைத் தொட்டால் கப்பல் குசினி, அதில் ஒரு பெரிய பானை. கேமரா பானையை நோக்கிப் போகத் தொடங்கியதுமே அவள் நிறுத்திவிட்டாள். இந்த மனுஷனை அவளுக்குத் தெரியாதா? லீவில் வந்தால், வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளை படத்தைக் காட்டமாட்டான், பம்ப்பைக் கழற்றி மாட்டியதைக் காட்டுவான். துருவைப் படம் எடுக்க ஒரு கிறுக்கு. அதற்காகப் பெற்ற பிள்ளையின் புதுநன்மைக்கு இடமில்லையா? அவளுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அத்தனையையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். அழித்தும் இடம் வரவில்லை. குப்பைத்தொட்டியையும் காலி செய்தால்தான் வரும் என்றது. நிரந்தரமாகப் போய்விடும் என்று ஏதோ எச்சரிக்கை வந்தது. போகட்டும் சனியன் என்று அதையும் அமுக்கினாள்.

புதுநன்மை வீடியோ மளமளவென்று மேலே ஏறியது. ஏறியதைப் போனிலிருந்து எடுத்துவிடவா என்று கேட்டது, எடு என்றாள். டிங் சத்தம் நின்றது. வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. காப்பி போட்டு நிம்மதியாகக் குடித்தாள்.

அடுத்த நாள் மத்தியானம் ஜோன்ஸ் கூப்பிட்டான்.

"ஏட்டி, பிள்ளையப் பாத்தேன். மெழுகுதிரி பிடிச்சிட்டு வருதாளே, அதுவரைக்கும் பாத்தேன். நெட் போயிட்டு. நன்மை வாங்குதது இன்னும் பாக்கல. இனி ஒன்ட்ட சொல்லலாம். பதறாம கேளு."

சொன்னான். கப்பலின் முதலாளி அதைத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரத்தில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். டீசல் இல்லை. அரிசி வேறு கப்பல்காரர்கள் கொடுத்தால் உண்டு. குழாயில் துருத்தண்ணீர். பாஸ்போர்ட்டெல்லாம் மானேஜர் கையில். எல்லாருக்கும் சாப்பாடு போடுகிறோம், அவர்களாகத்தான் வேலையை விட்டுப் போகப் பார்க்கிறார்கள் என்று கரையில் சொல்லி வைத்திருக்கிறான். போன்களை வாங்கி வாங்கிப் பார்க்கிறான்.

"அதனால எடுத்ததும் மேல ஏத்திருவேன், போன்ல இருக்கதை அழிச்சிருவேன். நம்ம பெட்டியில எல்லாம் பத்திரமா இருக்கு. தூத்துக்குடியில மாலுமிச் சங்கத்து வில்சன் அண்ணன்ட்ட பேசிட்டேன். நாளைக்கு அவரு பெரிய அதிகாரிகளைப் பாக்கப் போறாரு. நீ போனைக் கொண்டுபோயி அவர்ட்ட காட்டு. அதைப் பாத்தாத்தான் எங்களை இறக்கி ஊருக்கு அனுப்புவானுவ."

கிரேஸி போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஏன் முன்னாலயே சொல்லல?"

"புதுநன்மை முடியட்டும்னு இருந்தேன். நீ அழுதுகிட்டே பிள்ளைக்குப் பூமுடி வைக்கவா?"

"அழிச்சிட்டேன்" என்றாள். "இடமில்லைன்னு அழிச்சிட்டேன்."

"குப்பைத்தொட்டியில கெடக்குமே."

"அதையும் காலி பண்ணிட்டேன்."

அவன் கத்தியிருந்தால் அவளும் கத்தியிருப்பாள். மீன்கொழம்பு தின்னேன்னு சொன்னியே பாவி, பட்டினி கிடக்கேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா தொட்டிருப்பேனா என்று கேட்டிருப்பாள். கேட்க நியாயமும் இருந்தது. ஆனால் அவன் கத்தவில்லை.

"ஒண்ணாவது கடைசி வரைக்கும் பாத்தியா?"

"இல்ல."

"கடைசியில எம் முகத்தைக் காட்டி, பேரு ஊரு சொல்லுவேன். அதைப் பாத்திருந்தா ஒனக்கே தெரிஞ்சிருக்கும். ஒடிசாக்காரப் பையன் ஒருத்தன் காய்ச்சல்ல கெடந்தான். மருந்து கேட்டு அவன் பேசினது அதுலதான் இருந்துச்சு. போன மாசம் செத்துட்டான். அதை இனி எங்கன போயி எடுக்க?"

கிரேஸி அழத் தொடங்கினாள். என்ன காரியம் செய்துவிட்டேன் என்பதைத் தவிர வேறொரு நினைப்பு அவளுக்கு ஓடவில்லை.

ஜோன்ஸ்தான் தேறினான். "சரி, அழாத. பக்கத்துல ஒரு இழுவைப்படகு நிக்கு. அதுல இருக்க ஆளு கொஞ்ச நேரம் நெட் தாரேன்னிருக்கான். மானேஜரும் கரைக்குப் போயிருக்கான். ஒரு சுத்து சுத்தி இருக்கதை எடுத்துப் போடுதேன். ஒண்ணுமில்லாததுக்கு இதாவது இருக்கட்டும். வருதான்னு பாத்துக்கிட்டே இரு."

பார்த்துக்கொண்டே இருந்தாள். வீடியோ வரவில்லை. டிங் என்றது. ‘சேமிப்பிடம் நிரம்பிவிட்டது.’

காலி செய்த இடத்தையெல்லாம் புதுநன்மை பூசை அடைத்துக்கொண்டு கிடந்தது. போனில் வேறு பிரதி இல்லை, அவள்தான் எடுத்துவிடச் சொல்லிவிட்டாளே. இறக்கி வைத்துவிட்டு அழிக்கலாமென்றால் அதற்கு நேரம் பிடிக்கும். அதற்குள் இழுவைப்படகு கிளம்பிவிட்டால்? மானேஜர் திரும்பிவிட்டால்? படத்தின் முகப்பில் பெனிஷா வாயைத் திறந்து நின்றாள், சாமியார் கை அவள் நாக்குக்கு அருகில் வந்திருந்தது. கிரேஸி அதைத் திறந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழிக்க வராது. அழித்தாள். குப்பைத்தொட்டிக்குப் போனாள். நிரந்தரமாக நீங்கிவிடும், மீட்க முடியாது என்று வந்தது. இந்தத் தடவை ஓர் எழுத்து விடாமல் வாசித்துவிட்டுத்தான் அமுக்கினாள்.

கொஞ்ச நேரத்தில் ஜோன்ஸின் வீடியோ வந்து விழுந்தது. அவள் முதலிலிருந்து பார்த்தாள். துருச்சுவர், தொட்டி, குழாயைத் திறந்ததும் செம்மண் நிறத்தில் தண்ணீர். அவள் வீட்டுக் குழாயில் ஆற்றுத்தண்ணீர் சளசளவென்று குடத்தில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு வந்தாள். அப்புறம் குசினி, அந்தப் பானை. இந்தத் தடவை கேமரா பானைக்குள்ளேயே போனது. அடியில் ஒரு கைப்பிடிச் சோறு ஒட்டிக் கிடந்தது. அது எத்தனை பேருக்கு என்று ஜோன்ஸ் சொன்னான்.

கடைசியில் முகம் வந்தது. கன்னம் ஒட்டி, தாடி வளர்ந்து, கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு, யாரோ மாதிரி இருந்தான்.

"என் பேரு ஜோன்ஸ். அப்பா பேரு சிலுவைமுத்து" என்றான். கப்பல் பேரைச் சொன்னான், தேதியைச் சொன்னான். அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தாள். முடியவில்லை. போனை முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, ஒட்டிய கன்னத்தோடு கொஞ்சம் சிரித்தான்.

"கிரேஸி, இதை அழிச்சிராதளா. வில்சன் அண்ணன்ட்ட கொண்டு போ. நெட் இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்ங்கான். நான் போயி பிள்ளை நன்மை வாங்குததைப் பாக்கேன்."

கிரேஸி போனை இடுப்பில் சொருகினாள். பெனிஷாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரத் தம்பியிடம் சொல்லிவிட்டு, தூத்துக்குடி பஸ்ஸுக்கு நடந்தாள். பஸ் கிளம்பும்போது இடுப்பில் போன் அடித்தது. ஜோன்ஸ்தான் என்று அவளுக்குத் தெரியும். எடுத்து என்ன சொல்வது என்றுதான் தெரியவில்லை.