ஜன்னலுக்குக் கீழே ஒரு செங்கல்

அந்தப் பழைய தண்ணீர் இறைக்கும் நிலையத்தை அழகு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. நான்கு சுவர், ஒரு புகைபோக்கி, கையகலத்துக்கு ஜன்னல்கள், உள்ளே துருவேறிப் போன பம்பு. ஊருக்கு முதன்முதலாகக் குழாய்த் தண்ணீர் கொடுத்த இடம் என்பதைத் தவிர அதற்குச் சொல்லிக்கொள்ள வேறு பெருமை கிடையாது. இருந்தும் ஏழு பேர் ஆறு வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் அங்கே போய்ச் சுரண்டுவதும் கழுவுவதும் பூசுவதுமாகக் கிடந்தார்கள். சம்பளம் கிடையாது. வீட்டில் திட்டு மட்டும் தாராளமாகக் கிடைத்தது.

ஏழு பேரில் ஆறு பேர் படித்தவர்கள். ஏழாவது ஆள் கொத்தனார். இவர்கள் சுண்ணாம்பு குழைத்த லட்சணத்தை வேலிக்கு வெளியிலிருந்து பார்த்துப் பார்த்துப் பொறுக்க முடியாமல் ஒருநாள் உள்ளே நுழைந்தவர்தான். அப்புறம் வெளியே போகவில்லை. குழுவை நடத்துவது டீச்சர். சரித்திரப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், எழுபதைத் தாண்டியும் குரலில் பிரம்பு இருந்தது. “நம்ம கொத்தனாரைக் கேக்காம யாரும் ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது” என்பார். நாற்பது வருஷம் ‘ஏய்’ என்றும் ‘இந்தாப்பா’ என்றும் கூப்பிடப்பட்ட மனிதருக்கு அந்த ‘நம்ம’ என்ன செய்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. மனைவியிடம் வாரம் ஒருமுறையாவது சொல்லிவிடுவார். அந்த அம்மாளும் முதல் தடவை கேட்பது போலவே கேட்டுக்கொள்வாள்.

இப்போது அந்தக் கட்டடத்துக்கு ஆபத்து வந்திருந்தது. நகராட்சிக்கு அந்த இடத்தில் கார் நிறுத்துமிடம் கட்ட வேண்டுமாம். நூறு வயது நிறைந்த கட்டடம் என்றால் பாதுகாப்புப் பட்டியலில் சேரும், யாரும் கைவைக்க முடியாது. குறைந்தால் இடித்துவிடலாம். வயதைச் சொல்லக்கூடிய காகிதங்கள் எல்லாம் எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளத்தில் கரைந்து போயிருந்தன. செவ்வாய்க்கிழமை தொல்பொருள் அதிகாரி நேரில் வந்து பார்த்து எழுதுவதுதான் முடிவு.

இந்த நிலையில் சனிக்கிழமை மத்தியானம் கொத்தனாருக்கு போன் வந்தது. அன்றைக்கு அவர் மகள் வீட்டில் தரை போட்டுக்கொண்டிருந்தார். பேசியவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எதையும் லென்ஸ் வைத்துப் பார்த்தே நம்புகிறவர் என்பதால் குழுவில் அவருக்குப் பெயர் பூதக்கண்ணாடி.

“கொத்தனாரே, வருஷம் கெடைச்சிடுச்சு! செங்கல்லுலயே அச்சுப் போட்டிருக்கு. நூத்திப் பதினாலு வயசு! டீச்சர் அழுதுட்டாங்க, தெரியுமா?”

கொத்தனார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். எதிர்வீட்டுக்காரரிடமும் சொன்னார். அன்று போட்ட தரை அவர் வாழ்நாளிலேயே சுமாரான தரை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கப் போனார். மேற்கு ஜன்னலுக்குக் கீழே பழைய பூச்சைச் சுரண்டியிருந்தார்கள். நடுவே ஒரு செங்கல், நான்கு எண்களும் பளிச்சென்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. பூதக்கண்ணாடி அதற்குக் கண்ணாடிச் சட்டம் வேறு மாட்டியிருந்தார். கொத்தனாருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அவரே வைத்த கல்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், சேர்ந்த முதல் மாதம். ஜன்னலுக்குக் கீழே உப்புப் பிடித்து நாலைந்து கற்கள் மாவாய் உதிர்ந்து கிடந்தன. புதுக் கல் வைத்தால் ஒட்டுப் போட்டது போல் தெரியும் என்று, இடித்துப்போட்ட ஒரு பழைய மில்லிலிருந்து அதே அளவு, அதே நிறத்தில் தேடிப் பொறுக்கிக்கொண்டு வந்தார். அதில் ஒன்றில் வருஷம் அச்சாகியிருந்தது. எந்தக் கொத்தனாரும் எழுத்துப் பக்கத்தை வெளியே காட்ட மாட்டான். அது சாந்துக்குள் மறைந்து போக வேண்டிய பக்கம். ஆனால் அந்த எண்கள் பார்க்க அவ்வளவு லட்சணமாக இருந்தன. ஓர் ஆசையில் கல்லைத் திருப்பி, எழுத்து வெளியே தெரிய வைத்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமையே டீச்சர் ஒரு சட்டம் போட்டார். நாம் புதிதாக எதை வைத்தாலும் ஓரத்தில் சிவப்புப் பொட்டு வைக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். நாளைக்குப் பார்க்கிறவன் ஏமாந்துவிடக் கூடாது. போன வாரமே வைத்துவிட்டேன் என்று சொல்லக் கொத்தனாருக்குக் கூச்சம். வந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் தப்பா? கல்லின்மேல் மெல்லிசாகச் சுண்ணாம்பு பூசி மறைத்துவிட்டார். நாளடைவில் அவருக்கே மறந்தும் போனது. ஏமாந்தது நாளைக்குப் பார்க்கிறவன் இல்லை, அவர்களேதான்.

திங்கள் காலையில் மனைவியிடம் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். “நீங்க வாயைத் தொறந்தா என்ன ஆகும்?”

“கட்டடம் போயிடும்.”

“தொறக்காட்டி?”

“நிக்கும்.”

“அப்ப மூடிக்கிட்டு இருங்க. வாழ்க்கையில ஒரு தடவையாவது அதால ஒரு நல்லது நடக்கட்டும்.”

கொத்தனாருக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டடம் போவது ஒரு பக்கம். சொன்னால் தன்னைச் சுற்றி இருந்த அந்த ‘நம்ம’ போய்விடும். மறுபடி வேலிக்கு வெளியே நிற்க வேண்டும். அவருக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பேசாமல் இருந்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி வந்தார். இளைஞர், அதிகம் பேசாதவர். கல்லின் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். பூதக்கண்ணாடி கேட்காமலே தன் லென்ஸை நீட்டினார்.

“இந்தக் கல்லு முதல்லேர்ந்தே இங்கதான் இருக்குன்னு எப்படிச் சொல்றீங்க?” என்றார் அதிகாரி.

“எங்க கொத்தனாரைக் கேளுங்க சார்” என்றார் டீச்சர். “இந்தச் சுவர்ல அவர் கை படாத இடமே இல்ல. அவர் சொன்னா அதுக்கு மேல எனக்கு அத்தாட்சி வேண்டாம்.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆமாம் என்று ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால்கூடப் போதும். கொத்தனார் அதிகாரியைப் பார்க்கவில்லை, டீச்சரைப் பார்த்தார். அந்த அம்மாளின் முகத்தில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதுதான் அவரைக் கவிழ்த்தது.

“நான் வச்ச கல்லு டீச்சர்” என்றார். “ஆறு வருஷம் ஆச்சு. மில்லுல எடுத்தது. பொட்டு வைக்கல, நோட்டுலயும் எழுதல. சொல்ல வெக்கப்பட்டுப் பூசி மறைச்சுட்டேன்.”

பூதக்கண்ணாடி, “அடப் பாவி மனுஷா!” என்று தலையில் கை வைத்துக்கொண்டார். டீச்சர் பம்பின் மேடையில் போய் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி பேனாவை மூடினார்.

“ஒரு நிமிஷம் சார்” என்றார் கொத்தனார். “நெஜமான எழுத்து வெளிய தெரியாது. உள்ள இருக்கும். அந்தக் காலத்துச் சூளைக்காரங்க சில கல்லுல வருஷம் போடுவாங்க. பம்புக் குழாய் சுவரைத் தாண்டி வெளிய போற இடத்துல கல்லெல்லாம் ஆடிக்கிட்டிருக்கு, அதெல்லாம் கட்டுன நாள்லேர்ந்து இருக்கறது. சுவருக்குச் சேதமில்லாம எடுத்துப் பாக்கலாம். ஆனா என்ன இருக்கும்னு தெரியாது. நூறுக்குக் கீழயும் இருக்கலாம்.”

அதிகாரி டீச்சரைப் பார்த்தார். எடுக்காமல் விட்டால் வயது தெரியாத கட்டடம் என்று எழுதுவார். எங்காவது முட்டி மோதிப் பார்க்கலாம். எடுத்துக் குறைவாக இருந்துவிட்டால் அதற்கும் வழியில்லை என்றே பட்டது. டீச்சர் சேலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“எடுங்க” என்றார். “தெரிஞ்சுக்காம இருக்கறதுக்கா இத்தனை வருஷம் சுரண்டினோம்?”

கொத்தனார் மெல்லிய உளியால் சாந்தைச் சுற்றிச் சுற்றி விடுவித்தார். முதல் கல்லில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் சூளையின் முத்திரை மட்டும். மூன்றாவதைப் பல் பிடுங்குவது போல அசைத்து அசைத்து எடுத்து, பள்ளத்தில் ஒட்டியிருந்த சாந்தை ஈரத்துணியால் துடைத்தார். எண்கள் தெரிந்தன. கணக்குப் போட யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் அதிகாரியே போட்டார்.

“தொண்ணூத்தேழு.”

மூன்று வருஷம் குறைந்தது. பூதக்கண்ணாடி லென்ஸை வாங்கித் திரும்பத் திரும்பப் பார்த்தார், எண்ணா மாறிவிடும்?

“நான் தொண்ணூத்தேழுன்னுதான் எழுத முடியும்” என்றார் அதிகாரி. “பட்டியல்ல இப்ப சேராது. ஆனா ஒண்ணு, முன்ன வயசே தெரியாத கட்டடம். இப்ப நூறு எப்ப ஆகும்னு தெரிஞ்ச கட்டடம். இடிக்கறதுக்கு ஆட்சேபணை மனு போடுங்க, விசாரணை முடியற வரைக்கும் கைவைக்க மாட்டாங்க. அதை மூணு வருஷம் இழுக்கறது உங்க சாமர்த்தியம்.”

டீச்சர் எழுந்தார். “இழுத்துடுவோம்” என்றார். “முப்பது வருஷம் பசங்களைப் பரீட்சை எழுத வச்சவ நான். மனு எழுதறதுக்கா சலிச்சுக்கப் போறேன்?”

அதிகாரி போன பிறகு கொத்தனார் சாந்து குழைத்து, எடுத்த கற்களை ஒவ்வொன்றாக எழுத்துப் பக்கம் உள்ளே போகத் திருப்பி வைத்தார். மற்றவர்கள் டீச்சரைச் சுற்றி நின்று மனுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கரண்டியைக் கழுவிப் பைக்குள் போட்டார். ஆறு வருஷமாக உள்ளேயே ஆணியில் மாட்டிவிட்டுப் போகும், சுவரின் மட்டம் பார்க்கும் ரசமட்டத்தையும் எடுத்துப் பைக்குள் வைத்தார்.

“எங்க கெளம்பிட்டீங்க?” டீச்சரின் குரலில் பிரம்பு இன்னும் இறங்கவில்லை. கையில் நோட்டும் சிவப்புப் பெயின்ட் டப்பாவும் இருந்தன. “வேலை பாக்கி இருக்கு. அந்தக் கல்லுல பொட்டு வைங்க.”

கொத்தனார் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, கல்லின் ஓரத்தில் மிளகளவு சிவப்புப் பொட்டு வைத்தார். பெயின்ட் கொஞ்சம் வழிந்துவிட்டது. டீச்சர் நோட்டின் முதல் பக்கத்துக்குப் போய், மேலே இருந்த இடுக்கில் எழுதினார். எழுதியதை வகுப்பில் வாசிப்பது போலச் சத்தமாக வாசித்தார்.

“மேற்கு ஜன்னலுக்குக் கீழ் ஒரு கல். பழைய மில்லிலிருந்து எடுத்தது. வைத்தவர், நம் கொத்தனார்.”

கொத்தனார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு வழிந்த பெயின்ட்டை வெகுநேரம் துடைத்தார். பிறகு பைக்குள்ளிருந்து ரசமட்டத்தை எடுத்து, பழைய இடத்திலேயே மாட்டினார்.