அய்யாதுரை கம்பெனியின் குவிகணம்

பொன்மணியின் ஆய்வேடு பல்கலைக்கழகத்தில் பதிவான திங்கட்கிழமை முதல், ஏழாயிரம்பண்ணை அய்யாதுரை பட்டாசுக் கம்பெனியின் வேலியைத் தாண்டியவர்கள் தரையை விட்டு உயர்ந்தார்கள். வேலிக்குள் எல்லோருக்கும் உயரம் பூஜ்யம். வெளியே பத்தடியில் அரைச் சாண், நூறடியில் ஒரு சாண், தாயில்பட்டிக்கே போனாலும் இரண்டேகால் சாண்தான். பல கலப்பெண் மாறிகளில் குவிகணங்களின் அறுதிச் சார்பு பற்றி அவள் இருநூறு பக்கம் எழுதியதன் சாரமே இதுதான்: கணத்துக்குள் பூஜ்யம், வெளியே விதி விட்ட மட்டுக்கும் உயரம், அதற்கு மேல் நூலளவும் கூடாது. கல்லூரி வேலை கிடைக்காமல் அதே கம்பெனியில் வெடிக்குத் திரி சொருகிக்கொண்டிருந்த பொன்மணிக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. வேலையாட்களை ஏற்றிப்போகும் வேன்காரர்கள் படியை உயர்த்திக்கொண்டார்கள்.

குவிகணத்தில் எந்த இரண்டு இடத்துக்கும் சரடு பிடித்தாலும் சரடு வெளியே போகாது. கம்பெனி நிலம் அப்படி இல்லை. கிழக்கே அது கை மாதிரி நீண்டிருந்த துண்டின் கக்கத்தில், பொன்மணியின் அம்மா சண்முகத்தாய் விற்க மறுத்த அரை ஏக்கர் மக்காச்சோளம் நின்றது. ஷெட்டிலிருந்து முதலாளி அறைக்கு வயல் வழியே டீ கொண்டுபோனவர்கள் நடுவில் எழும்பி இறங்க, டம்ளர் சிந்தியது. இன்று டீ, நாளை வெடிமருந்து என்று அதிகாரிகள் பயந்து, நிலம் குவிகணமானால்தான் உரிமம் என்று உத்தரவு வந்தது. வயல் கைக்கு வந்த மாதிரி அய்யாதுரைக்கு வாயெல்லாம் பல். தன் தேற்றமே அம்மா வயிற்றில் அடிக்கிறதே என்று பொன்மணி ஆய்வேட்டை மறுபடியும் புரட்டினாள்.

சூலக்கரை கலெக்டர் ஆபீஸிலிருந்து வந்த அதிகாரி மாரிக்கண்ணன் சரடு பிடித்துப் பார்த்துவிட்டுச் சண்முகத்தாயிடம் சொன்னார். "சரடு ஒங்க வயலுக்குள்ளதான் போகுதும்மா. உள்வாங்குன இந்த எடத்தக் கம்பெனியோட சேத்து அடைச்சாகணும்."

"அடைக்கவும் செய்யலாம், நீட்டத்த வெட்டவும் செய்யலாம் சார்" என்றாள் பொன்மணி. "கெழக்குக் கைய நறுக்கிட்டா மிச்சம் குவிகணந்தான்."

அந்தக் கையில் இருந்தது முதலாளியின் ஏசி அறை மட்டும். அதிகாரி யோசித்தார். "நெலத்தக் கூட்டணும்னா மேலிடத்துக்கு எழுதணும், ரெண்டு வருசம் ஆகும். கொறைக்கதுக்கு நானே கையெழுத்துப் போட்டுருவேன்." தீபாவளி சீசன் நெருங்கியிருந்தது. அய்யாதுரை தலையாட்டினார்.

நாலு மணிக்கு வேலி நகர்ந்தது. நாலேகாலுக்கு, வேலிக்கு வெளியே போய்விட்ட அறையில், அய்யாதுரை நாற்காலியை விட்டு அரைச் சாண் எழும்பினார். வேலி தள்ளிப் போனதால் வயலில் இன்னும் கொஞ்சம் உயர்ந்த சண்முகத்தாய் மண்வெட்டிக்கு நீளப் பிடி போட்டுக்கொண்டாள். பொன்மணிக்குப் பட்டம் கிடைத்தது, கல்லூரி வேலை கிடைக்கவில்லை. காலையில் வந்ததும் முதலாளியைத் துண்டால் நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவதுதான் இப்போது டாக்டர் பொன்மணியின் முதல் வேலை.

"போதுமா மொதலாளி?"

"இன்னுங் கொஞ்சம் இறுக்கும்மா" என்கிறார் அவர்.