முறிந்த உளியின் முகம்

மூன்று நாளில் நான்கு உளிகள் முனை முறிந்தன. பௌர்ணமிக்குள் இருபது இடிகல் கொத்தியாக வேண்டும். கிரிவலம் வருகிறவர்கள் வாங்கிப் போவார்கள். பாஞ்சாலை முறிந்ததையெல்லாம் கோணியில் சுருட்டிக்கொண்டு அடி அண்ணாமலையில் இருக்கும் சாந்த் பாஷாவின் உலைப்பட்டறைக்குப் போனாள்.

உளி காய்ச்சுவது முன்பு அவள் கணவன் வல்லரசின் வேலை. அவன் மஸ்கட் போனதிலிருந்து அவளே காய்ச்சுகிறாள். உலையில் அவள் முறை மதியம் ஒன்றரைக்கு. அங்கே அவனுக்குச் சோற்று நேரமும் அதுதான். ஒரு நாளில் அவன் குரல் கிடைப்பது அந்த இருபது நிமிஷம். மற்றதெல்லாம் ஓவர்டைம், இல்லாவிட்டால் தூக்கம்.

போன் அடித்தது. உளியை நெருப்பில் செருகிவிட்டு எடுத்தாள்.

"சாப்ட்டியா?"

"அத்த உடு. உளியெல்லாம் மூக்கு ஒடியுதுய்யா."

"ஒடிஞ்ச முகத்தக் காட்டு."

முறிந்த இன்னொன்றைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். அவன் சோற்றுக் கையோடு குனிந்து பார்த்தான்.

"சர்க்கர மாதிரி பொரபொரன்னு கீது பாரு. நல்ல உளி ஒடிஞ்சா மாவு மாதிரி இருக்கணும். ஜாஸ்தி நேரம் நெருப்புல கெடந்தா உள்ள இரும்பு மணிமணியா பெருத்துப்போவும். அப்புறம் எவ்ளோ கெட்டியா இருந்து இன்னா, படக்குனு ஒடிஞ்சிடும். செவந்ததும் எடுக்கலயா நீ?"

பாஷா சிரித்தார்.

"தங்கச்சி எங்க எடுக்குது வல்லரசு? நீ வந்தா உன் மூஞ்சியத்தான் பாக்குது. இரும்பு வெளுத்துப் பொறி பறக்குது. இப்பவும் பாரு!"

இடுக்கியால் இழுத்தாள். முனை மஞ்சளைத் தாண்டி வெளுத்திருந்தது.

"அடிப்பாவி," என்றவன் சோற்றைத் தள்ளி வைத்தான். "நெருப்பாண்ட நிக்கும்போது எடுக்காத. நானே அடிச்சாலும் எடுக்காத."

"அப்போ எப்ப பேசுவ?"

"வெள்ளிக்கிழம லீவு."

மறுநாள் ஒன்றரைக்குப் போன் அடித்தது. எடுக்காதே என்றவனேதான். பாஞ்சாலை முனையை விட்டுக் கண் எடுக்கவில்லை. பழுத்த மிளகாயாகச் சிவந்ததும் இழுத்துத் தண்ணீரில் முக்கினாள். அடித்து ஓய்ந்த போன் மறுபடி அடித்தது. அவள் அடுத்த உளியைச் செருகினாள்.

எல்லாம் முடிந்ததும் ஒன்றை மட்டும் வைஸின் இரும்புப் பல்லிடையில் இறுக்கிச் சம்மட்டியால் ஒரு போடு போட்டாள்.

"ஏம்மா, நல்ல உளிய!"

"அவரு பாக்கணும் பாய்."

முறிந்த முகத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். அவன் அதற்குள் வேலைக்குப் போயிருந்தான். பொழுது சாயும்வரை கல் கொத்தினாள். ஒரு முனையும் முறியவில்லை.

கை கழுவும்போது அவன் குரல் பதிவு வந்தது. பின்னால் மிஷின் இரைச்சல்.

"மாவு," என்றான். அவ்வளவுதான்.

திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். வெள்ளிக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.