முப்பத்தேழாம் வருஷத்துப் பின்சக்கரம்

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிடைத்தது பாதிக் கதைதான். தேனாம்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப் வாசலில் பஞ்சர் ஒட்டக் காத்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பேருக்கு வாக்குவாதம். பழைய மாடல் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் அதே வண்டியின் புது மாடலுக்குச் சேருமா, சேராதா என்பது விவகாரம்.

“சேராது நைனா. எங்க வூட்ல ஒரு கல்யாண ஊர்கோலமே இதனால லஸ் கார்னர்ல நின்னுபோச்சு” என்றார் ஒருவர்.

நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அதற்குள் அவர் வண்டி தயாராகி, ஏறிப் போய்விட்டார். பாதி ஊர்கோலத்தை என் தலையில் கட்டிவிட்டுப் போன அந்த மனிதர் மேல் எனக்கு இன்னும் கோபம் உண்டு. மிச்சத்தை நான்தான் எழுதியாக வேண்டும்.

ஆரம்பம் ஒன்று: ‘1946-ஆம் வருஷம், லஸ் முனையில் அன்று மாலை வீசிய கடற்காற்றில் ஏதோ ஒரு—’

(வேண்டாம். ஏதோ ஒரு என்று எழுதுகிறவனுக்கு அது என்னவென்று தெரியாது என்று அர்த்தம்.)

ஆரம்பம் இரண்டு: ‘மெஹபூப் அலிக்குக் குதிரை என்றால் பயம்.’

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

2

மெஹபூப் அலிக்குக் குதிரை என்றால் பயம். தேனாம்பேட்டையில் மோட்டார் சாமான்கள் விற்கிறவனுக்கு அது ஒரு குறையே அல்ல. ஆனால் அவனுக்குப் பேசி முடித்த பெண் வஜீஹா, மயிலாப்பூர் கச்சேரி ரோடு மசூதிக்குப் பின்னால் குதிரை லாயம் வைத்திருந்த ஷாஹுல் ஹமீதின் மகள். அவரிடம் ஆறு ஜட்காக்களும், கல்யாணங்களுக்கென்றே ஒரு வெள்ளைக் குதிரையும் இருந்தன. ஊரில் பாதி மாப்பிள்ளைகள் அந்தக் குதிரை மேல்தான் பேண்டு வாத்தியத்துக்குப் பின்னால் போனார்கள். சொந்த மருமகன் மட்டும் வேறெதில் வருவான்?

(சின்ன வயதில் ஜட்காக் குதிரை ஒன்று அவன் தோளைக் கடித்தது என்று ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். பயத்துக்குக் காரணம் கேட்பது வாசகர்களும் வக்கீல்களும்தான்.)

“இப்பல்லாம் யாரு மாமு குதிரைல வரா? நான் மோட்டார் சைக்கிள்ல வரேன்” என்றான் மெஹபூப், முகத்தில் எதையும் காட்டாமல்.

ஷாஹுல் ஹமீது தாடியைத் தடவினார். “வா. வேணாங்கல. ஆனா பேண்டுக்கு முன்னால போவக் கூடாது. நடுவுல நிக்கவும் கூடாது. நின்னா, பின்னாலயே குதிரை வந்துகினு இருக்கும். ஏறிக்கோ.”

ஆக, வண்டி நின்றால் குதிரை. குதிரையென்றால் ஊர் பார்க்க நடுக்கம். குதிரைகளோடு வளர்ந்த பெண்ணுக்கு, தாலாட்டிலேயே குளம்புச் சத்தம் கேட்டவளுக்கு, தன் புருஷன் ஒரு பயந்தாங்கொள்ளி என்பது கல்யாணத்தன்றே தெரிந்துவிடும். இதுதான் அவனைத் தூங்கவிடாமல் செய்தது.

3

வண்டியின் பெயர் கெஸ்ட்ரல். (நான் வைத்த பெயர். எந்தக் கம்பெனியும் என்மேல் வழக்குப் போட வேண்டாம்.) யுத்தம் முடிந்து பட்டாளத்துச் சாமான்களை ஏலம் விட்டபோது மெஹபூப் எடுத்த நாற்பத்திரண்டாம் வருஷத்து வண்டி. சிப்பாய்கள் நடக்கும்போது கூடவே ஊர்ந்து போவதற்கென்று செய்தது; ஆமை வேகத்திலும் அணையாது. பேண்டுக்குப் பின்னால் போக அதைவிடத் தோதான வண்டி இந்தப் பட்டணத்தில் கிடையாது. அந்தத் தைரியத்தில்தான் மாமனாரிடம் வாயைக் கொடுத்தான்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது பள்ளத்தில் விழுந்து பின்சக்கரம் நெளிந்துபோயிற்று.

கைகொடுக்க வந்தவன் நல்லசிவம். திருநெல்வேலிக்காரன், தியாகராய நகரில் ஜவுளிக்கடை, மெஹபூபின் உயிர்ச் சிநேகிதன். அவனிடமும் ஒரு கெஸ்ட்ரல் இருந்தது, முப்பத்தேழாம் வருஷத்தது. (அவனுக்கு சண்முகவடிவு என்று ஒரு மனைவியையும் எழுதியிருந்தேன். கதையில் வேலை இல்லாததால் எடுத்துவிட்டேன். கோபித்துக்கொண்டுதான் போனாள்.)

“என் சக்கரத்தக் கழத்தி மாட்டும்வே” என்றான் நல்லசிவம். “ஒரே கம்பெனி, ஒரே பேரு. சக்கரத்துக்கு மட்டும் வேற கோத்திரமா இருக்கும்?”

இருந்தது. பழைய அச்சு ஒல்லி. இடைவெளிக்கு புஷ் என்கிற வளையம் போட்டு இறுக்கினார்கள். பிரேக் கம்பி எட்டவில்லை. இன்னொரு துண்டைச் சேர்த்து முடுக்கினார்கள். பழைய சக்கரத்தின் பல்சக்கரம் சின்னது, பற்கள் குறைவு. அதை இருவரும் பார்த்தார்கள். பற்கள் குறைந்தால் வண்டி வேகமாகப் போகும் என்பதும் இருவருக்கும் தெரியும். வேகமாகப் போனால் நல்லதுதானே என்று விட்டுவிட்டார்கள்.

அடையாறு பாலம் தாண்டித் திருவான்மியூர் வரை ஓட்டிப் பார்த்தார்கள். வண்டி பறந்தது. நல்லசிவத்தின் தொப்பியும் பறந்தது.

“இன்னா ஸ்பீடு மச்சி” என்றான் மெஹபூப். “என் சக்கரத்த வுட இதான் ஜோரு.”

கவனித்தீர்களா? நடக்கிற வேகத்தில் ஓட்டிப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மோட்டார் சைக்கிள் பித்துப் பிடித்தவர்களுக்கு வண்டியைச் சோதிப்பதென்றால் முடுக்கிப் பார்ப்பதுதான்.

(அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை. இந்தக் கதைக்கு முடிவு கிடைக்காமல், என் பழைய கதை ஒன்றின் முடிவைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்த்தேன். அதில் கதாநாயகன் கடலில் இறங்கி நடந்துபோகிறான். மெஹபூபுக்கு அது சேரவில்லை. அவனுக்கு நிக்காஹ் இருக்கிறது, பிரியாணி காத்திருக்கிறது.)

4

பிற்பகல் அஸர் தொழுகை முடிந்து ஊர்கோலம் கிளம்பியது. முன்னால் பேண்டு. அடுத்து, முகத்தை மறைக்கும் பூச்சரங்களோடு கெஸ்ட்ரலின் மேல் மெஹபூப். அவன் பக்கத்தில் நல்லசிவம். கடைசியில், ஷாஹுல் ஹமீது கடிவாளம் பிடித்து வர, யாரும் ஏறாத வெள்ளைக் குதிரை, ஸ்பேர் சக்கரம் மாதிரி.

முதல் தெருவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. மெதுவாக விட்டால் வண்டி இருமி அணையப் பார்த்தது. அணையாமலிருக்க முறுக்கினால் பாய்ந்தது. மெஹபூப் கிளச்சைப் பாதி பிடித்தும் பாதி விட்டும், வியர்த்து ஊற்ற ஓட்டினான். மௌபரீஸ் ரோட்டில் ஒரு பாய்ச்சலில் ஒட்டுப்போட்ட பிரேக் கம்பி கழன்றுகொள்ள, கிளாரினெட்காரர் ஓரமாகத் துள்ளினார். மாப்பிள்ளை பேண்டுக்கு முன்னால் போய்விட்டான். ஜனங்கள் கைதட்டினார்கள்.

மெஹபூப் திரும்பிப் பார்த்தான். ஷாஹுல் ஹமீது ஒரு விரலை உயர்த்திக் காட்டினார். இரண்டு நிபந்தனையில் ஒன்று போயிற்று.

லஸ் முனையில் டிராம் குறுக்கே வந்தது. பேண்டு நின்றது. முன்பிரேக்கைப் பிடித்து மெஹபூபும் நின்றான். வண்டி அணைந்தது. கருகிய கிளச்சின் நாற்றம் அத்தரையும் மல்லிகையையும் அமுக்கிவிட்டது. உதைத்தான். நல்லசிவம் உதைத்தான். டிராம் போயிற்று, வண்டி அசையவில்லை.

பின்னால் குளம்புச் சத்தம் நெருங்கி வந்தது.

5

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். நான் படைத்தவன்தான் என்றாலும் அவன் அங்கே மாட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. திரும்பி வந்தபோதும் அவன் அங்கேயேதான் நின்றான், வேறு யார் நகர்த்துவார்கள்?

குதிரை மூக்கால் சீறியது. மெஹபூப் ஓரடி பின்வாங்கினான். பூச்சரங்கள் அவன் முகத்தை மறைத்தன, கைகளை மறைக்கவில்லை.

ஷாஹுல் ஹமீது அந்தக் கைகளைப் பார்த்தார். அப்புறம் கிட்டே வந்து தணிந்த குரலில் கேட்டார். “எத்தினி நாளா?”

“சின்ன வயசுலேந்தே மாமு.”

“குதிரைதான் மொதல்ல கண்டுபுடிக்கும். அடுத்தது நான்.” கொஞ்சம் யோசித்தார். பிறகு குனிந்து குதிரையின் முன்காலைத் தூக்கிப் பார்த்து, கூட்டத்துக்குக் கேட்கும்படி சொன்னார். “லாடம் ஆடிக்கினு கீது. ஏத்த முடியாது. எல்லாரும் நடங்கப்பா.”

அப்படித்தான் கச்சேரி ரோடுக்குள் அந்த ஊர்கோலம் நுழைந்தது. மாப்பிள்ளை நடந்தான், மாமனார் நடந்தார், குதிரையும் நடந்தது, கெஸ்ட்ரலை நல்லசிவம் தள்ளிக்கொண்டு வந்தான். பேண்டின் வேகத்துக்கு எல்லாரும் கச்சிதமாகப் பொருந்தினார்கள்.

6

இங்கேயே முடிக்கலாம்தான். மாமனார் பொய் சொன்னார், மானம் தப்பியது, சுபம். ஆனால் உள்ளே ஒருத்தி இருக்கிறாள்.

நிக்காஹ் முடிந்தது. அந்த வீடுகளின் வழக்கப்படி பொண்ணையும் மாப்பிள்ளையையும் உட்கார்த்தி, தலைக்கு மேல் துப்பட்டாவைப் போர்த்தி, நடுவில் ஒரு கண்ணாடியை வைத்தார்கள். அதில்தான் ஒருவர் முகத்தை ஒருவர் முதல்முறையாகப் பார்க்க வேண்டும். மெஹபூப் பார்த்தான். அவனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று, அப்படியொரு பிடிப்பு.

கண்ணாடியிலிருந்த வஜீஹா உதடு அசையாமல் கேட்டாள். “குதிரை தெருவுல வர சத்தம் கேட்டேன். நாலு லாடமும் கெட்டியாத்தான் கீது. லாடம் ஆடுதுன்னு அத்தா ஏன் சொன்னாராம்?”

பதிலை மூன்று விதமாக எழுதினேன். ஒன்றில் அவன் மாமனாரின் பொய்யைக் காப்பாற்றுகிறான். ஒன்றில் சிரித்து மழுப்புகிறான். மூன்றாவதில் உண்மையைச் சொல்கிறான், அதற்கு அவள் என்ன செய்தாள் என்பது எனக்கு எழுத வரவில்லை. மூன்றையும் அடித்துவிட்டேன்.

நீங்கள் சொல்லுங்கள். இனி ஆயுசு முழுக்க அவளோடு பேசப்போகிறவன் அவளிடம் பேசுகிற முதல் வாக்கியம் இது. துப்பட்டாவுக்கு வெளியே பெண்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள், கண்ணாடியை எடுத்துவிடப் போகிறார்கள்.

மெஹபூப் அலி சொன்னான்: “