பவுசர் வந்த நாள்

எங்கள் ஊருக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் குடிதண்ணீர் ஏற்றிய பவுசர் வண்டி வரும். கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு. சவர்க்காரம் போட்டால் நுரைக்கவே நுரைக்காது. நான் சோறு கறி ஆக்கி வைத்துவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்கு நண்டுக் கம்பனி வேனில் ஏறிவிடுவேன். அதற்குள் என் புருசன் ஹில்மி களப்பில் வலை இழுத்துவிட்டு வந்துவிடுவார். பகலில் பிள்ளையும் பவுசரும் அவர் பொறுப்பு. இருவரும் பேசி முடித்த ஏற்பாடுதான் இது.

இன்று செவ்வாய். மாலை ஆறு மணிக்கு நான் வந்தபோது நான்கு கேன்களும் காலியாகக் கிடந்தன.

“பவுசர் வரல்லியா?”

“வந்திச்சி.” அவர் தலையைத் தூக்கவில்லை. “வரிசையில முழுக்கப் பொம்புளைங்க. போன முறை ரோட்டுல நின்டவனுகள் என்னப் பார்த்துச் சிரிச்சானுகள். கூட்டம் கொறயட்டும்னு நின்டேன். அதுக்குள்ள தண்ணி முடிஞ்சிட்டு.”

வெள்ளிக்கு இன்னும் மூன்று நாள். குடிக்க ஒரு போத்தல்தான் மிச்சம். காலையில் இருந்த கடைசி வாளி நல்ல தண்ணீரிலும் அவர் குளித்துவிட்டிருந்தார்.

கத்தவும் எனக்குத் தெம்பில்லை. நாள் முழுக்க நின்றபடி நண்டுச் சதை எடுத்த விரல்கள், ஓடு கீறிய இடமெல்லாம் எரிந்தன. கிணற்றடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, மூன்று வயது மகளுக்குச் சோறு பிசைந்து நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“உம்மாட கை நாறுது.”

மறுபடியும் நீட்டினேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

சோற்றுப் பீங்கானை அவர் மடியில் வைத்தேன்.

“நீங்க ஊட்டுங்க. உங்கட கைதானே சுத்தமா இரிக்கி.”