எண்ணெய்க் கை

தாசையன், அவன் மனைவி எலிசாள், குளிக்கப் போகும்முன் தலையில் தேங்காய் எண்ணெய் வழிய நின்ற, அவர்களோடு தங்கியிருந்த அவள் தம்பி சஜி. கரமனை வீட்டின் சரிவான முற்றத்தில் அந்த ஞாயிறு இருந்தது இவர்கள்தான்.

பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் வேனுக்குத் தாசையனே புதுப் பிரேக் ஷூ மாட்டி, இறுக்கம் சரிபார்த்தான். ஹேண்ட்பிரேக்கை இழுத்தும் வேன் நழுவி மதிலில் இடித்தது.

மறுபடி கழற்றினான். சக்கரத்தை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்க வேண்டிய ஷூவில் எண்ணெய் மினுங்கியது. மாட்டும்போது அதை எடுத்துக் கொடுத்தவன் சஜி.

"தொடச்சா போதும் அத்தான். ஒரு துளி எண்ணெதானே," என்றான் சஜி.

"நாளைக்குப் பன்னெண்டு பிள்ளைகள மேட்டுல நிறுத்தணும்லே. ஒனக்க மண்டைய நம்பியா?"

"சின்னப் பையனில்லியா, விடுங்க," என்றாள் எலிசாள்.

"முப்பது வயசுச் சின்னப் பையன்."

சஜியின் பையைத் தெருவில் வைத்தான் தாசையன். எண்ணெய்த் தலையோடு அவன் வெளியேறியதும் இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டினான்.